சிக்னல் வந்து வந்து போகும் ஊருக்கு எந்த ஓடை வாசிப்பான் பொருத்தம்?

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலைவாய்ப்பு, பரீட்சை, விவசாயம், செய்தி, ஒன்றிரண்டு வலைப்பூ என்று இருபது தளங்களைத் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். பிள்ளைகளுக்குத் தேவையானதை எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன். பாதி டேட்டா அதிலேயே போகிறது. பேஸ்புக்கில் பின்தொடர்ந்தால் முடிவுத் திகதி போன பிறகுதான் காட்டுகிறது. ஆர்எஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன, எந்த ரீடரைப் போடுவது, காசு கட்ட வேணுமா? அண்ணா அக்காமார் யாராவது விளங்கப்படுத்துங்கள்."

கேள்வி "எந்த ரீடர்" என்று முடிந்தாலும் உண்மையில் கேட்கப்பட்டது அதைவிடப் பெரிது. இணைப்பு எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், கையிலிருக்கும் கொஞ்ச டேட்டாவை வைத்துக்கொண்டு, தேவையான அறிவித்தல் எதையும் தவறவிடாமல் இருப்பது எப்படி என்பதுதான் அது. இணையத்தில் கிடைக்கும் "சிறந்த பத்து ரீடர்" பட்டியல்கள் நாள் முழுக்க வைஃபையில் இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்துத் தெரிவு செய்தால் ஏமாறுவீர்கள். நான் கிளிநொச்சியில் பல வருடமாகக் கணினி படிப்பிக்கிறேன், சங்கங்களுக்கும் சிறிய நிறுவனங்களுக்கும் தளங்கள் செய்து கொடுக்கிறேன். தம்பி ஆர்எஸ்எஸ் என்று கேட்டதைத்தான் இங்கே ஓடை என்கிறேன், ரீடர் என்றதை ஓடை வாசிப்பான் என்கிறேன். ஓடையை வாசிக்கும் பக்கமும் தெரியும், வெளியிடும் பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். காசு கட்டத் தேவையில்லை. அண்ட்ரொய்ட் போன் என்றால் ஃபீடர் (Feeder) என்ற வாசிப்பான் செயலியைப் போடுங்கள். நாளுக்கு நாற்பது ஐம்பது செய்தி போடும் தளங்களையும் விடாமல் பார்க்க வேண்டுமென்றால் மட்டும், அவற்றுக்காக இனோரீடர், ஃபீட்லி என்ற இணைய வாசிப்பான் சேவைகளில் ஒன்றில் ஒரு இலவசக் கணக்கு வையுங்கள். ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்பது ஓடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

ஓடை என்பது ஒரு கோப்பு, அவ்வளவுதான். தளத்தின் ஒரு மூலையில், ஒரு நிலையான முகவரியில் அது இருக்கும். தளத்தில் புதிதாக ஒன்று எழுதப்பட்டால் அந்தக் கோப்பின் மேல்பகுதியில் ஒரு பதிவு சேரும், அடியிலிருந்து பழையது ஒன்று விழும். கணினியில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். கோண அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு நீளமான எழுத்துக் கோப்பு தெரியும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் கீழே இறங்கினால் தமிழ் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தலைப்பு, அந்தக் கட்டுரைக்கான இணைப்பு, வெளியிட்ட நாளும் நேரமும், மற்றப் பதிவுகளோடு குழம்பாமல் இருக்க ஓர் அடையாளக் குறி, அதற்குப் பிறகு கட்டுரையின் சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை. விளம்பரப் பலகை இல்லை, மிதந்து வரும் பெட்டி இல்லை, "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்ற பகுதியும் இல்லை. ஓடை வாசிப்பான் செய்வது, நீங்கள் கொடுத்த முகவரிகளுக்கு அவ்வப்போது போய், இந்தக் கோப்புகளை எடுத்து வந்து, புதியவற்றை நேர வரிசையில் அடுக்கிக் காட்டுவது. எதை மேலே காட்டுவது, எதை மறைப்பது என்று நடுவில் நின்று தீர்மானிக்க யாரும் இல்லை. பேஸ்புக்கில் உங்களுக்கு நடந்தது இங்கே நடக்காது. முடிவுத் திகதிக்கு முந்தி வந்த அறிவித்தல் முந்தித்தான் நிற்கும்.

வரலாறு ஒரு மூச்சில்: 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காகத் தொடங்கியது ஆர்.எஸ்.எஸ். இன்று பரவலாக இருக்கும் 2.0 பதிப்பு 2002இல் வந்தது. அதிலிருந்த குழப்பங்களைத் தீர்க்க ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005இல் தரமாக்கப்பட்டது. இதில் எது என்று நீங்கள் பார்க்கவே தேவையில்லை, எல்லா வாசிப்பான்களும் இரண்டையும் வாசிக்கும். தமிழில் வலைப்பூக்கள் செழித்த காலத்தில் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் எல்லாரையும் ஓரிடத்தில் காட்டியதும் இதே ஓடைகளை எடுத்துத்தான். போட்காஸ்ட் கேட்கிறவர்கள் இன்றும் ஓடையைத்தான் பயன்படுத்துகிறார்கள், பெயர் தெரியாமல் பயன்படுத்துகிறார்கள்.

இனி டேட்டாக் கணக்கு. இன்றைய செய்தித் தளமொன்றின் பக்கம், படம், விளம்பரம், நிரல் எல்லாம் சேர்த்து இரண்டு மெகாபைட்டைத் தாண்டுவது சாதாரணம். இருபது தளங்களின் முகப்பை மட்டும் தினம் ஒருக்கால் திறந்தாலே நாற்பது மெகாபைட், மாதம் ஒரு கிகாபைட்டுக்கு மேல். உள்ளே ஒரு செய்தியை அழுத்தினால் அது வேறு. ஓடையில் வருவது எழுத்து. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆங்கிலத்தைப் போல மூன்று மடங்கு. அப்படியிருந்தும் நாலாயிரம் குறிகள் கொண்ட ஒரு நல்ல நீளக் கட்டுரை பன்னிரண்டு கிலோபைட்தான். பத்துக் கட்டுரை சேர்ந்த ஓடை நூற்றைம்பது கிலோபைட்டுக்குள் நிற்கும். பெரும்பாலான சேர்வர்கள், அதாவது தளங்களை வைத்திருந்து அனுப்பும் கணினிகள், அதைச் சுருக்கித்தான் அனுப்பும், அப்போது இன்னும் நன்றாகக் குறையும். இதைவிட முக்கியம், ஒழுங்காக எழுதப்பட்ட வாசிப்பான் ஒவ்வொரு முறையும் கோப்பை இறக்குவதில்லை. "கடைசியாக நான் எடுத்த பிறகு மாறியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்கும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்ற ஒரு குறியைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் சில நூறு பைட். தளத்தை நடத்துகிறவர் இந்த வசதியைக் கெடுத்து வைத்திருந்தால் இந்த இலாபம் கிடைக்காது, அது உங்கள் கையில் இல்லை. ஆனாலும் மொத்தத்தில் உங்கள் செலவு பத்தில் ஒன்றுக்கும் கீழே போகும் என்று தயங்காமல் சொல்வேன், படங்களை நிறுத்தி வைத்தால்.

இப்போதுதான் முக்கியமான இடம். பட்டியல் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாக வருவதில்லை. ஓடைக் கோப்பில் எல்லாப் பதிவும் இருக்காது. பல தளங்களை ஓட்டும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமொன்றை ஒன்றும் மாற்றாமல் விட்டால் கடைசிப் பத்துப் பதிவுதான் ஓடையில் நிற்கும். கூகுளின் வலைப்பூச் சேவையான புளொக்கரில் இருபத்தைந்து. யூடியூப் அலைவரிசையில் பதினைந்து. ஒரு செய்தித் தளம் நாளுக்கு நாற்பது செய்தி போடுகிறது என்று வையுங்கள். பத்துப் பதிவு என்றால் ஆறு மணி நேரச் செய்திதான் கோப்பில் இருக்கிறது. உங்கள் போனுக்குக் காலை ஏழு மணிக்குச் சிக்னல் கிடைத்து, அடுத்தது மாலை ஐந்துக்குத்தான் என்றால், இடையில் வந்து விழுந்தவற்றை உங்கள் வாசிப்பான் ஒருபோதும் காணாது. அது தவறியதாகக்கூடச் சொல்லாது. மாரியில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனால் கதை இன்னும் மோசம். மறுபக்கம், வாரம் ஒரு பதிவு எழுதும் வலைப்பூ என்றால் பத்துப் பதிவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். நீங்கள் ஒரு மாதம் கழித்துப் போனாலும் எல்லாம் கிடைக்கும்.

அதனால்தான் வாசிப்பான்களை இரண்டு வகையாகப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு வகை, உங்கள் போனே நேராக ஒவ்வொரு தளத்துக்கும் போய் எடுத்து வருவது. மற்ற வகை, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சேர்வர் இரவு பகலாகப் போய் எடுத்துச் சேர்த்து வைத்திருக்க, நீங்கள் சிக்னல் வரும்போது அங்கே போய்ப் பார்ப்பது. ஊரில் நாம் இல்லாத நாட்களில் பேப்பர்க்கடைக்காரர் நம் பேப்பரை எடுத்து வைத்திருப்பாரே, இரண்டாவது வகை அதுதான். முதல் வகை, கடை திறந்திருக்கும்போது நீங்களே போய் வாங்குவது. முதல் வகையில் கணக்குத் தேவையில்லை, மின்னஞ்சல் கொடுக்கத் தேவையில்லை, எல்லாம் போனிலேயே இருப்பதால் சிக்னல் இல்லாமலும் வாசிக்கலாம். இரண்டாவது வகையில் எதுவும் தவறாது, ஆனால் இலவசக் கணக்குகளில் இணைப்பு இல்லாமல் வாசிக்கும் வசதி பெரும்பாலும் கிடைக்காது, நீங்கள் எதை வாசிக்கிறீர்கள் என்ற விபரம் அந்த நிறுவனத்திடம் சேரும். கடைசி விடயம் சிலருக்கு ஒரு பொருட்டில்லை, சிலருக்குப் பெரிய விடயம். நம் பகுதியில் அதைப் பெரிதாக எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை நான் கூடுதலாக விரும்புகிறேன். பெரிய தளத்தின் முழு ஓடையையும் எடுக்காமல், ஒரு பிரிவின் ஓடையை மட்டும் எடுப்பது. வேர்ட்பிரஸில் ஓடும் தளமென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும், ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனி ஓடை தானாகவே இருக்கும். "வடக்கு" என்றோ "வேலைவாய்ப்பு" என்றோ இருக்கும் பிரிவைத் திறந்து, முகவரிப் பட்டையில் தெரியும் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் (feed) என்று ஆங்கிலத்தில் சேருங்கள். நாளுக்கு நாற்பது செய்தி வரும் தளத்தில் வேலைவாய்ப்புப் பிரிவில் இரண்டு மூன்றுதான் வரும். அப்போது அந்தப் பத்துப் பதிவு மூன்று நான்கு நாளுக்குத் தாங்கும். சினிமாச் செய்தியும் வராது. அறிவித்தல் பலகைக்குத் தேவையானதை எடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. புளொக்கரிலும் இதேபோல் ஒவ்வொரு லேபலுக்கும் ஓடை உண்டு.

சரி, ஃபீடர் செயலிக்கு வருகிறேன். பிளே ஸ்டோரில் இதே பெயரில் இரண்டு இருக்கின்றன, கவனம். நான் சொல்வது நொன்சென்ஸ் என்ற சொல் வரும் பெயருடைய வெளியீட்டாளரின் செயலி. திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். விளம்பரம் இல்லை, கணக்குக் கேட்காது. இப்படியான செயலிகளை வைத்திருக்கும் எஃப்-டிரொயிட் களஞ்சியத்திலும் இருக்கிறது. மற்றது ஒரு நிறுவனத்தின் சேவை, கணக்குக் கேட்கும். கெட்டது இல்லை, ஆனால் நான் சொல்வது அதை அல்ல. போட்டவுடன் அமைப்புகளுக்குள் போய், படங்களை வைஃபையில் மட்டும் இறக்கும்படி மாற்றுங்கள். ஒத்திசைவை, அதாவது புதியவற்றை எடுத்துவரும் வேலையை, வைஃபையில் மட்டும் என்று வைக்கும் தெரிவும் அங்கேயே இருக்கிறது, ஆனால் உங்களிடம் வைஃபையே இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள், பிறகு ஒன்றும் வராது. சுருக்கம் மட்டும் தரும் ஓடைகளுக்கு, அந்த ஓடையைத் திருத்தும் இடத்தில் முழுக் கட்டுரையையும் எடு என்ற தெரிவு உண்டு. அதைப் போட்டால் செயலி மூலப் பக்கத்துக்கே போய்க் கட்டுரையைப் பிரித்தெடுத்து போனில் வைக்கும். டேட்டாச் செலவு கூடும், அதனால் எல்லாவற்றுக்கும் போடாமல் வேண்டியதற்கு மட்டும் போடுங்கள். சில தளங்களில் இது சரியாகப் பிரிக்காது, மெனுவையும் சேர்த்துக் கொண்டுவரும்.

ஒரு விடயம் எல்லோருக்கும் சறுக்கும். செயலி பின்னணியில் தானாக ஓடிப் புதியவற்றை எடுக்கும் என்று நம்பியிருப்பார்கள். பற்றரியைச் சேமிக்கிறேன் என்று போனே அந்தச் செயலியை நித்திரையாக்கிவிடும். விலை குறைந்த போன்களில் இது கூடுதலாக நடக்கும். போன் அமைப்பில் ஃபீடருக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம். அதைவிட எளிது, ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போதோ, உங்கள் ஊரில் நல்ல சிக்னல் வரும் இடத்தில் நிற்கும்போதோ, செயலியைத் திறந்து திரையைக் கீழே இழுத்துவிடுவது. ஒரு நிமிடத்தில் எல்லாம் வந்து சேரும். வீட்டுக்கு வந்து ஆறுதலாக வாசியுங்கள்.

சேர்வர் வகையில், இனோரீடரும் ஃபீட்லியும் இலவசமாகவே உங்கள் அளவுக்குப் போதும். நான் கடைசியாகப் பார்த்தபோது இலவசக் கணக்கில் ஃபீட்லி நூறு ஓடை வரையும், இனோரீடர் நூற்றைம்பது வரையும் விட்டன. இந்த எண்களை நிச்சயமானவையாக எடுக்காதீர்கள், நிறுவனங்கள் மாற்றிக்கொண்டே இருக்கும். இருபது தளத்துக்கு எப்படியும் தாங்கும். இலவசக் கணக்குகளுக்கு ஓடைகளை அடிக்கடி போய்ப் பார்க்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், வாசகர் குறைந்த தமிழ் ஓடைகள் சில மணி நேரம் பிந்தலாம். சனசமூக நிலையத்தில் கணினி இருந்தால் தண்டர்பேர்டைப் பாருங்கள். அது மின்னஞ்சலுக்கான மென்பொருள் என்றாலும் ஓடைகளையும் வாசிக்கும், இறக்கியதை வைத்துக்கொள்ளும், பிரின்ட் எடுத்துப் பலகையில் ஒட்டவும் வசதி. ஐபோன்காரருக்கு நெட்நியூஸ்வயர் இலவசம், திறந்த மூலம். நான் ஐபோனை நாளாந்தம் பாவிக்கிறவன் இல்லை என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேசுவது சரியில்லை. சொந்தமாகச் சேர்வர் வைத்து ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற வாசிப்பானை ஓட்டும் வழியும் உண்டு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது உதவினால் செய்யலாம். இப்போதைக்கு வேண்டாம்.

ஓடை முகவரியைக் கண்டுபிடிப்பது பலருக்கும் மலைப்பாக இருக்கிறது. முந்தி உலாவியிலேயே ஒரு செம்மஞ்சள் சின்னம் தெரியும். இன்று பெரும்பாலான உலாவிகளில் இல்லை, ஃபயர்பொக்ஸும் 2018 இறுதியில் எடுத்துவிட்டது. ஆனால் ஓடைகள் போகவில்லை, சின்னம்தான் போனது. தளத்தின் முகப்பு முகவரியை அப்படியே வாசிப்பானில் ஒட்டுங்கள். பக்கத்தின் மறைவான தலைப்பகுதியில் ஓடையின் முகவரி எழுதப்பட்டிருக்கும், வாசிப்பான் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். கிடைக்கவில்லை என்றால் முன்னர் சொன்னபடி கடைசியில் ஃபீட் என்று சேர்த்துப் பாருங்கள். புளொக்கர் என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபோல்ட் (feeds, posts, default) என்ற மூன்று சொல்லையும் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு போட்டுச் சேருங்கள். யூடியூப் அலைவரிசையின் பக்க முகவரியையும் இப்படியே ஒட்டலாம். விவசாயக் காணொளி போடும் அலைவரிசைகளை இப்படி வைத்திருந்தால், தலைப்பை மட்டும் பார்த்து வேண்டியதை மட்டும் திறக்கலாம், யூடியூப்பின் முகப்புக்குள் போய் அரை மணி நேரம் போகாது. நூலகம் தளம், தமிழ் விக்கிப்பீடியா போல மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஓடும் தளங்களில் அண்மைய மாற்றங்கள் பக்கத்துக்கு ஓடை எடுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது, வாசிகசாலை நடத்துகிறவருக்கு அது பயன்படும். ஒரு சொல் இணையத்தில் புதிதாக வந்தால் அறிவிக்கும் கூகுள் அலேர்ட்ஸில் "முல்லைத்தீவு" என்றோ "ஒட்டுசுட்டான்" என்றோ சொல்லைக் கொடுத்து, மின்னஞ்சலுக்குப் பதிலாக ஓடையாகத் தா என்று தெரிவு செய்யலாம். தமிழில் அது பிடித்துத் தருவது சீராக இருப்பதில்லை, ஆனால் நீங்கள் அறியாத தளத்திலிருந்து ஒன்றிரண்டு வரும்.

எதற்கு ஓடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பியிருப்பீர்கள். பேஸ்புக் பக்கங்களுக்கு ஓடை இல்லை. வட்ஸ்அப் குழுக்களுக்கு இல்லை. நம் பகுதிச் செய்திகள் பல பேஸ்புக் பக்கங்களாகவே இருப்பதால் இது பெரிய ஓட்டைதான். அவற்றை ஓடையாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இடைத்தரகச் சேவைகள் இருக்கின்றன. அவை ஒரு மாதம் வேலை செய்யும், அடுத்த மாதம் நின்றுவிடும், அவற்றை நம்பிப் பலகையை நடத்த வேண்டாம். அரச தளங்களிலும் ஓடை இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இருந்தால் சேருங்கள், இல்லாதவற்றுக்கு ஒரு சிறிய பட்டியல் எழுதி, நாள் குறித்துக் கையால் பாருங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில்தான் வரும், ஆகவே அதை வாரம் ஒருக்கால் பார்த்தால் போதும், அதிவிசேட வர்த்தமானி மட்டும் எந்த நாளும் வரலாம். இருபது தளத்தில் பதினான்கு ஓடைக்குள் வந்து ஆறு கையால் என்று ஆனாலே உங்கள் வேலை பாதிக்கும் மேல் குறைந்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வெள்ளம், புயல் எச்சரிக்கைக்கு ஓடையை நம்பியிருக்கவே வேண்டாம். ஓடை தானாக வந்து தட்டாது, வாசிப்பான் போய்க் கேட்டால்தான் வரும். அது மணிக்கணக்கில் பிந்தலாம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது மணித்தியாலங்கள் எவ்வளவு முக்கியமாக இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு வானொலி, கிராம சேவகர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம். பலகையில் அந்த இலக்கத்தை நிரந்தரமாக எழுதிவிடுங்கள்.

பாவிக்கத் தொடங்கினால் சில குறைகள் கண்ணில் படும், அவற்றின் காரணத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒரே செய்தி இரண்டு தரம் வந்தால், அனேகமாகத் தளக்காரர் அதைத் திருத்தும்போது அதன் அடையாளக் குறியும் மாறியிருக்கும், வாசிப்பான் அதைப் புதிதென்று நினைக்கும். உங்கள் செயலியில் பிழையில்லை. எழுத்துகள் ஆங்கிலமும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பதிவு. தளத்தில் அந்த எழுத்துருவைச் சேர்த்து அனுப்புவதால் தமிழாகத் தெரியும், ஓடையில் எழுத்துரு வராது. நகலெடுத்து யூனிகோட் மாற்றியொன்றில் போட்டால் வாசிக்கலாம். நேற்றுவரை வந்த ஓடை இன்று பிழை என்று நின்றால், நான் கண்டவரையில் அடிக்கடி வரும் காரணம் ஒன்று: தளத்தின் நிரலில் யாரோ கைவைத்து, கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி விழுந்திருக்கும். உலாவி இதைப் பொறுத்துக்கொள்ளும், ஓடையின் மொழி பொறுக்காது, முழுக் கோப்பையும் நிராகரிக்கும். தளக்காரருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஓடை உடைந்தது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது, யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஐந்து நிமிட வேலை. தமிழ்த் தளங்கள் நடத்தும் நண்பர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: வேர்ட்பிரஸில் வாசித்தல் அமைப்புக்குள் போய், ஓடையில் சுருக்கத்துக்குப் பதிலாக முழு உரையைத் தெரிவு செய்யுங்கள், பதிவு எண்ணிக்கையைப் பத்திலிருந்து முப்பதாக்குங்கள். மாங்குளத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் கட்டுரையை முழுதாக வாசிக்குமா இல்லையா என்பது அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

எந்த வாசிப்பானை எடுத்தாலும் ஒரு நிபந்தனை வையுங்கள்: உங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக வெளியே எடுக்க விட வேண்டும். அது சில கிலோபைட் கொண்ட ஒரு சின்னக் கோப்பு, எல்லா நல்ல வாசிப்பான்களும் அதை ஏற்கும், தரும். கூகுள் ரீடர் 2005இல் வந்து, உலகம் முழுக்க ஆட்கள் பழகிய பிறகு, 2013 யூலை 1ஆம் திகதி மூடப்பட்டது. அந்தக் கோப்பை எடுத்து வைத்தவர்கள் அன்றைக்கே வேறொன்றுக்கு மாறினார்கள், எடுக்காதவர்கள் பட்டியலை முதலிலிருந்து தேடினார்கள். ஃபீடரில் இது பட்டியல் மெனுவிலேயே ஏற்றுமதி என்று இருக்கும். எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலை நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ இருக்கும் இன்னொரு சனசமூக நிலையத்துக்கு அப்படியே கொடுக்கலாம், அவர்கள் இறக்குமதி என்று அழுத்தினால் போதும்.

தொடங்கும்போது இருபதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பலகைக்கு உண்மையிலேயே தேவையான ஐந்து ஆறைப் போட்டு, வேலைவாய்ப்பு, பரீட்சை, விவசாயம் என்று பிரித்து வையுங்கள். ஒரு வாரம் பாருங்கள். எந்த ஓடை நாள் முழுக்கக் கொட்டுகிறது, எது பேசாமல் கிடக்கிறது என்று தெரியவரும். கொட்டுவதைப் பிரிவு ஓடையாக மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் இனோரீடருக்குக் கொண்டுபோங்கள். வாசிக்காதவை நூறு இருநூறு என்று சேர்ந்தால் எல்லாம் வாசித்தது என்று குறித்துவிட்டுப் போங்கள், அதற்காக யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. ஏதாவது ஒரு தளத்தின் ஓடை கிடைக்கவில்லை என்றால் அந்தத் தளத்தின் பெயரை இங்கேயே எழுதுங்கள், இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.